தையல் முடிந்த பிறகு

மாதக் கணக்காகக் கண்ணையும் விரலையும் வருத்திக் கட்டம் கட்டமாக எண்ணி, பெருக்கல் குறி போன்ற சின்னஞ்சிறு கிராஸ் ஸ்டிட்ச் என்னும் குறுக்குத் தையல்களால் ஒரு மயிலையோ, பூங்கொத்தையோ, ஊஞ்சலாடும் ராதாகிருஷ்ணர்களையோ மேட்டித் துணியில் எழுப்பி முடித்த பெண்மணிகள் நம் ஊர்களில் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால், அவ்வாறு முடிந்த வேலைகளில் எத்தனை சுவருக்கு ஏறியிருக்கின்றன, ஏறியவற்றில் எத்தனை பத்து வருஷம் கழித்தும் நிறம் மங்காமல் நிற்கின்றன என்று விசாரிக்கப் புகுந்தால், கிடைக்கும் விடை அவ்வளவு உற்சாகம் தருவதாக இராது. பெரும்பாலானவை நான்காக மடிக்கப்பட்டுப் பீரோவின் அடித்தட்டில் பட்டுப் புடவைகளுக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே அஞ்ஞாதவாசம் செய்கின்றன. சட்டம் போடப்பட்டவையோ, அவசரத்தில் பசை தடவி அட்டையில் ஒட்டிக் கண்ணாடியை அழுத்தி ஆணியடித்த விதத்தினால், சில மழைக்காலங்களுக்குள் பழுப்பேறிப் புள்ளி விழுந்துபோகின்றன.

ஊசியைக் கீழே வைத்த தினத்தோடு காரியம் முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்வதே இவ்விரண்டு கதிக்கும் மூலகாரணம். தைத்து முடிந்த துணிக்குச் செய்யவேண்டிய உபசாரங்கள் தனியான ஒரு சாஸ்திரம் என்றே சொல்லத்தக்கவை. அந்தச் சாஸ்திரத்துக்கு அழகாகக் காட்டுவது, நெடுநாள் காப்பது என்று இரண்டு நோக்கங்கள் உண்டு. இவ்விரண்டும் முரண்படும் இடத்தில் காப்பதற்கே முதல் ஸ்தானம் கொடுக்கவேண்டும் என்பதும், பூத்தையலுக்கு நாம் எதைச் செய்தாலும் பின்னொரு நாள் துணிக்கு ஊறு நேராமல் அதைப் பிரித்தெடுக்க முடியவேண்டும் என்பதுமே இந்தக் கட்டுரை சொல்ல வந்த விஷயம்.

சுவரில் மாட்டுவதற்கென்றே தைப்பது இந்தக் கலையின் ஆதி வழக்கம் அன்று. அச்சிட்ட மாதிரிப் புத்தகங்கள் அரிதாக இருந்த காலத்தில், இங்கிலாந்துப் பெண்கள் தாம் கண்ட தையல் வகைகளையும் கொடி வகைகளையும் மறவாதிருக்கும் பொருட்டு ஒரு துணித்துண்டில் தைத்து வைத்துக்கொள்வார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜேன் பாஸ்டாக் என்பவரின் மாதிரித் துணி 1598-ஆம் ஆண்டைத் தன் மேலேயே தாங்கியிருக்கிறது. ஆண்டு குறிக்கப்பெற்ற பிரிட்டிஷ் மாதிரித் துணிகளுள் அதுவே மிகப் பழையது. ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தியையும் அதில் எழுத்தெழுத்தாகத் தைத்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இத்தகைய துணிகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்த பட்டைகளாக இருந்தன. சுருட்டிப் பெட்டியில் வைத்து, வேண்டியபோது விரித்துப் பார்ப்பதே வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அவை ஏறக்குறையச் சதுரமாகி, நாற்புறமும் கரை பெற்று, வீடும் மரமும் நீதிவாக்கியமும் சிறுமியின் பெயரும் வயதும் தாங்கி, வீட்டுப் பெண்ணின் கல்விக்கும் கைத்திறனுக்கும் அத்தாட்சியாகக் கூடத்துச் சுவரில் சட்டத்துக்குள் ஏறின.

அவ்வாறு ஏறிய துணிகள் பிற்காலத்தாருக்கு ஒரு பாடம் கற்பித்துவிட்டன. நூறாண்டு, இருநூறாண்டு வெளிச்சத்தில் தொங்கிய மாதிரித் துணிகளைச் சட்டத்திலிருந்து கழற்றித் திருப்பிப் பார்க்கும் அருங்காட்சியகத்தார், முன்புறத்தில் வெளிறிய தேன் நிறமாகவும் சாம்பல் நிறமாகவும் தோன்றுகிற பூக்கள் பின்புறத்தில் அசல் சிவப்பும் பச்சையுமாக இன்னும் பிரகாசிப்பதைக் காண்கிறார்கள். ஒரே நூல், ஒரே சாயம், ஒரே வயது. வெளிச்சம் பட்ட பக்கம் போயிற்று, படாத பக்கம் நின்றது. சுவரில் மாட்டுகிற ஒவ்வொருவரும் மனத்தில் வைக்கவேண்டிய முதல் உண்மை இதுதான்.

துண்டு துண்டான வேலைகளை ஒன்று சேர்த்துக் காட்டும் வித்தைக்கும் சரித்திரத்தில் ஒரு சிறந்த உதாரணம் உண்டு. ஸ்காட்லாந்தின் ராணி மேரி, இங்கிலாந்தில் எலிசபெத் அரசியின் சிறைக்காவலில் இருந்த வருஷங்களில், ஷ்ரூஸ்பரி சீமாட்டியான பெஸ் ஆவ் ஹார்ட்விக்குடன் அமர்ந்து, மிருகங்களும் பறவைகளும் குறிப்புச் சின்னங்களும் நிறைந்த சிறு சிறு துண்டுகளைக் கித்தான் போன்ற துணியில் பட்டு நூலால் குறுக்குத் தையலிட்டார். எண்கோணமாகவும் சிலுவை வடிவாகவும் இருந்த அந்தத் துண்டுகளைப் பின்னால் வந்தவர்கள் பச்சை வெல்வெட்டுத் திரைகளில் பதித்துத் தைத்தார்கள். நார்போக் ஜில்லாவின் ஆக்ஸ்பர்க் மாளிகையில் அவை இன்றும் காணக் கிடைக்கின்றன. தனித்தனியாக இருந்திருந்தால் எங்கெங்கோ சிதறிப்போயிருக்கக் கூடிய வேலைகள், பொருத்தமான ஒரு துணியில் அமர்ந்ததனால் இன்றும் ஒன்றாய் நிலைத்திருக்கின்றன.

இனி நடைமுறைக்கு வருவோம். சட்டம் போடுவதைப் பற்றிய யோசனை, விந்தையாகத் தோன்றினாலும், முதல் தையல் போடுவதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு கட்டம் கொண்ட ஐடா துணியில் அகலத்துக்கு 140 தையலும் உயரத்துக்கு 112 தையலும் உள்ள சித்திரம் ஒன்றைத் தைப்பதாக வைத்துக்கொண்டால், பதினான்கால் வகுக்கச் சித்திரத்தின் அளவு பத்துக்கு எட்டு அங்குலம் என்று கிடைக்கும். ஆனால் வாங்கவேண்டிய துணி பத்துக்கு எட்டு அன்று. நாற்புறமும் மும்மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டுப் பதினாறுக்குப் பதினான்கு அங்குலம் இருக்கவேண்டும். அட்டையின் பின்புறமாக மடித்து இழுத்துக் கட்டுவதற்கு இந்த ஓரந்தான் ஆதாரம். காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஓர் அங்குல ஓரத்தோடு தைத்து முடித்தவருக்கு, ஓரங்களில் வேறு துணியை இணைத்துத் தைப்பதைத் தவிர வழியில்லாமல் போகும்.

தைத்து முடிந்ததும் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை பரிசோதிப்பது நல்லது. விட்டுப்போன கட்டங்கள் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகளாகத் தெரியும்; பின்புறத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாண்டிப் போன கறுப்பு நூலோ கருநீல நூலோ வெள்ளைத் துணியினூடே நிழலாகத் தெரிந்தால், அதை வெட்டி முனையைப் பக்கத்துத் தையல்களுக்கடியில் செருகிவிடலாம். குறுக்குத் தையலின் மேற்கால் எல்லா இடத்திலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஒன்றிரண்டு எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் கையில் இருக்கும்போது தெரியாது, கண்ணாடிக்குள் போய் விளக்கு வெளிச்சம் பட்டதும் அவை மாத்திரம் வேறு நிறமாக மின்னும்.

அடுத்தது ஸ்நானம். எவ்வளவு சுத்தமான கையாக இருந்தாலும் பல மாதம் துணியில் பட்ட வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கண்ணுக்குத் தெரியாமல் அதில் தங்கியிருக்கும். இன்று தெரியாத அந்தக் கறை சில வருஷங்களில் மஞ்சள் நிழலாக வெளிவந்துவிடும். ஆகையால், பருத்தித் துணியில் பருத்தி நூலால் தைத்த வேலையைச் சட்டத்துக்குள் அடைப்பதற்கு முன் கழுவுவதே முறை. குளிர்ந்த நீரில் காரமில்லாத சோப்பைச் சிறிது கரைத்து, துணியை அதில் சிறிது நேரம் ஊறவிட்டு, கசக்காமல் கைகளால் மெல்ல அழுத்தி எடுத்து, நுரை முழுதும் போகும்வரை அலச வேண்டும். வெளுக்கும் காரமும் பளிச்சென்று காட்டுவதாக விளம்பரம் செய்யப்படும் சலவைத் தூள்களும் இதற்கு ஆகா. ஆழ்குழாய் நீர் உப்பாகவோ இரும்புச் சத்துள்ளதாகவோ இருக்கும் ஊர்களில், கடைசி அலசலை மட்டுமாவது காய்ச்சி வடித்த நீரில் செய்வது உத்தமம்.

ஆழ்ந்த சிவப்பு, கறுப்பு, கருநீலம் ஆகிய நிறங்களிடத்தில் விசேஷ ஜாக்கிரதை வேண்டும். நனைந்த வெள்ளைத் துணியொன்றைத் தையலின் பின்புறத்தில் ஒற்றிப் பார்த்துச் சாயம் ஒட்டவில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே முழுதும் நனைக்கலாம். மீறிச் சாயம் இறங்கிவிட்டால் திகைத்துப்போய்த் துணியைக் காயப்போட்டுவிடக் கூடாது. காய்ந்த சாயம் நிலைத்துவிடும். ஈரம் மாறாமலே, தண்ணீர் தெளிந்து வரும்வரை மீண்டும் மீண்டும் குளிர்நீரில் அலசிக்கொண்டிருப்பதுதான் பரிகாரம். பட்டு நூலும் ஜரிகையும் கலந்த வேலையையும், சாயத்தின் உறுதி தெரியாத பழைய குடும்பத் துணியையும் வீட்டில் நனைக்காமல் இருப்பதே விவேகம்.

துணியில் கட்டம் குறிப்பதற்கு உபயோகித்த பேனாக்களும் இவ்விடத்தில் நினைவில் வைக்கத்தக்கவை. நீரில் கரையும் நீல மையைக் குளிர்நீரால் முற்றும் போக்கிய பிறகே இஸ்திரிப் பெட்டியை அருகே கொண்டுவரலாம். சூடு பட்டால் அது அழியாத கறையாகிவிடக் கூடும். சூட்டினால் மறையும் மையோ அதற்கு நேர்மாறான சுபாவமுடையது. அது மறைகிறதே அன்றி அழிவதில்லை, கடுங்குளிரில் மீண்டும் தலைகாட்டும். நம் நாட்டு வீட்டில் அந்தக் குளிர் வாராதென்றாலும், பனிதேசத்தில் வாழும் மகளுக்குத் தபாலில் அனுப்பும் உத்தேசமுள்ளவர்கள் அந்தப் பேனாவைத் தொடாதிருப்பது நலம்.

அலசிய துணியை முறுக்கிப் பிழியாமல், தடித்த வெள்ளைத் துவாலையின் மேல் விரித்து, துவாலையோடு சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் இழுபட்டுவிடும். சிறிது ஈரம் இருக்கும்போதே, மற்றொரு துவாலையை மடித்துப் பரப்பி, தைத்த முகம் கீழ்நோக்கி இருக்குமாறு அதன்மேல் துணியை இட்டுப் பின்புறத்தில் இஸ்திரி போட வேண்டும். துவாலையின் மிருதுவான இழைகளுக்குள் தையல்கள் புதைந்து நிற்பதனால் அவை நசுங்காமல், திருப்பிப் பார்க்கும்போது மொட்டுப்போல் எழும்பி நிற்கும். முன்பக்கமாகத் தேய்த்த வேலைகளில் இந்த எழுச்சி போய்விடுகிறது.

இனித்தான் துணியை அட்டையில் ஏற்றும் முக்கியமான கட்டம். இதற்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது பசை, அல்லது ஒரு பக்கம் பசை தடவியே விற்கப்படும் அட்டை. செலவும் சிரமமும் குறைவென்பதனால் கடைக்காரர்கள் இதையே விரும்புவார்கள். ஆனால் பசை காலப்போக்கில் பழுத்து இழைகளுக்குள் ஊறித் துணியின் நிறத்தையே மாற்றிவிடுவதோடு, ஒருமுறை ஒட்டியதை ஊறின்றிப் பிரிக்கவும் இயலாது. நாம் முதலில் சொன்ன விதிக்கு இதைக் காட்டிலும் பெரிய விரோதி வேறில்லை. இரண்டாவது, நுரையட்டையின் விளிம்புகளில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டூசிகளைச் செருகித் துணியை நிறுத்துவது. இது எளிது, பிரிக்கத்தக்கது. சிறிய வேலைகளுக்குப் பூரணமாகப் போதும். மூன்றாவது, அருங்காட்சியகத்தாரும் தேர்ந்த தையற்காரர்களும் சிறந்ததென்று கைக்கொள்ளும் நூற்கட்டு முறை.

நூற்கட்டு முறையைச் சற்று விரித்துச் சொல்வது பயனுடையது. சட்டத்தின் உட்பள்ளத்தை விட ஒவ்வொரு புறமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிறியதாக அட்டையை வெட்டிக்கொள்ள வேண்டும். மடிந்து வரும் துணியின் கனத்துக்கு அந்த இடைவெளி தேவை. அட்டையின் மேல் மெல்லிய வெள்ளைப் பிளானல் துணி ஒன்றைப் போர்த்திவிட்டால், பின்புறத்து நூல்முனைகளின் மேடுபள்ளங்கள் அதில் அமுங்கி முன்முகம் சமமாக நிற்கும். பிறகு சித்திரத்தை அதன்மேல் நடுவில் இருத்தி, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளியிலும் ஒவ்வொரு குண்டூசி குத்தி, அங்கிருந்து மூலைகளை நோக்கி இருபுறமும் மாறி மாறிக் குத்திக்கொண்டே போக வேண்டும். இந்த வேலையில் கண்மதிப்பை நம்பலாகாது. துணியின் ஒரே இழைவரிசை அட்டையின் விளிம்போடு ஒட்டிப் போகிறதா என்று எண்ணிப் பார்ப்பதே பிரமாணம். கட்டங்களால் ஆன இந்தக் கலையில் ஓர் இழை பிசகினாலும் கரையின் நேர்கோடு சட்டத்தின் நேர்கோட்டுக்கருகில் கோணலாகத் தெரிந்து, தைத்தவர்மேல் இல்லாத குற்றத்தை ஏற்றிவிடும்.

ஊசிகள் நிலைத்தபின் அட்டையைக் கவிழ்த்து, ஓரங்களைப் பின்னே மடித்து, உறுதியான வெள்ளைக் குரோஷா நூலைக் கோத்து, எதிரெதிர் ஓரங்களை ஏறக்குறைய அரை அங்குலத்துக்கு ஒரு பாய்ச்சலாக, கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு பின்னுவதுபோல இழுத்துக் கட்டவேண்டும். நடுவில் தொடங்கி வெளிப்புறமாகப் போவதும், நீளவாட்டம் முடிந்த பிறகு அகலவாட்டத்தைக் கட்டுவதும், மூலைகளைச் சாய்வாக மடித்துத் தைப்பதும் சம்பிரதாயம். மேளம்போல் விறைக்கும் அளவுக்கு இழுக்க வேண்டியதில்லை. சுருக்கம் போய்ச் சமனானால் போதும். பின்னொரு காலத்தில் துணியை வெளியே எடுக்க விரும்புகிறவர், கத்தரியால் இந்த நூலை வெட்டிவிட்டால் பூத்தையல் வந்த வடிவிலேயே கையில் வந்துவிடும்.

அட்டை எத்தகையது என்பதும் அற்ப விஷயமன்று. பெட்டிகளிலிருந்து வெட்டிய பழுப்பு அட்டை, ஹார்டுபோர்டு, ஒட்டுப்பலகை ஆகியவற்றில் மரத்தின் அமிலச் சத்து இருக்கிறது. அது சிறுகச் சிறுக வெளிப்பட்டுத் தன்னைத் தொடுகிற துணியைப் பழுக்கச் செய்து நொறுங்கவும் வைக்கும். பழைய வீடுகளில் சுவர்ப் படங்களைப் பிரித்தால், பின்பலகையின் முடிச்சும் இழையும் காகிதத்தில் அப்படியே பழுப்பு நிழலாகப் பதிந்திருப்பதைக் காணலாமே, அதற்கு இதுதான் காரணம். ஆகையால் அமிலம் நீக்கிய அட்டையென்று கேட்டு வாங்க வேண்டும். பருத்திக் கந்தலிலிருந்து செய்த அட்டை கிடைத்தால் அதைவிட மேலானது இல்லை. ஓவியர்களுக்கான பொருள் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும்.

கண்ணாடி வேண்டுமா, வேண்டாமா என்பது தையற்காரர்களுக்குள் ஓயாத வாதம். கண்ணாடி இல்லாவிட்டால் நூலின் மேடும் மெருகும் நேரே கண்ணுக்குப் படுகின்றன என்பது உண்மையே. ஆனால் தெருப்புழுதியும், அடுக்களைப் புகையும், சாம்பிராணிப் புகையும் தாராளமாகப் புழங்குகிற நம் வீடுகளில் திறந்து வைத்த துணி வெகு சீக்கிரம் அழுக்கேறிவிடும். அதிலும், தைத்தது தெய்வத் திருவுருவமாக இருந்துவிட்டால், வெள்ளிக்கிழமைதோறும் யாராவது சந்தனமும் குங்குமமும் இட்டு ஈரப் பூச்சரத்தையும் சார்த்தாமல் விடமாட்டார்கள். எனவே நம் பக்கத்துக்குக் கண்ணாடியே ஏற்றதென்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு நிபந்தனை: கண்ணாடி எந்த இடத்திலும் துணியைத் தொடலாகாது. மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் நீர் பூத்தால், ஒட்டியிருக்கும் துணி அதை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும்; தையல்களும் நசுங்கிப்போகும். இரண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாத காற்றிடம் இருக்குமாறு, சட்டத்தின் உள்விளிம்பில் மெல்லிய சட்டக்கோலைப் பொருத்தச் சொல்ல வேண்டும். மணிகள் கோத்த வேலையானால் இன்னும் அதிக இடம் வேண்டும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் விசேஷக் கண்ணாடியும் கிடைக்கிறது. விலை மிகுதியானாலும் அருமையான வேலைக்கு அது தகும். அக்ரிலிக் தகடு இலேசானது, உடையாதது. ஆனால் எளிதில் கீறல் விழும், துடைக்குந்தோறும் மின்னூட்டம் பெற்றுத் தூசியை இழுத்துக்கொள்ளும்.

சித்திரத்தைச் சுற்றி ஜன்னல்போல் வெட்டிய வண்ண அட்டையை வைப்பதும் வழக்கம். இதன் கீழ்ப்பட்டையை மேற்பட்டையை விடச் சிறிது அகலமாக விடுவது பழைய மரபு. நான்கும் சமமாக இருந்தால் சித்திரம் கீழே இறங்கிவிட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றும். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சித்திரத்தில் அதிகம் கூவுகிற நிறத்தை அட்டைக்கும் கொடுத்தால் பார்ப்பவர் கண் அட்டையிலேயே நின்றுவிடும். சித்திரத்துக்குள் அடங்கிய குரலில் பேசும் ஒரு நிறத்தை எடுத்துக்கொள்வதே நன்று. சட்டத்தையும் அவ்வாறே. தேக்கில் செய்த மெல்லிய சட்டம் எழுத்து வேலைக்கும் மாதிரித் துணிக்கும் பொருந்தும். பொன்முலாம் பூசிய அகன்ற சட்டம், நிறைந்த வர்ணங்களுள்ள தெய்வச் சித்திரத்துக்கு மாத்திரமே தாங்கும். கையில் துணியோடு கடைக்குப் போய், சட்ட மாதிரிகளை ஒவ்வொன்றாக மூலையில் வைத்துப் பார்த்துத் தீர்மானிப்பதற்குப் பதிலாக ஞாபகத்தை நம்பிச் சொல்லிவிட்டு வருவது சரியன்று.

முன்புறத்தை இவ்வளவு கவனித்த பிறகு பின்புறத்தை மறந்துவிடலாகாது. சட்டத்தின் பின்முகம் முழுவதையும் காகிதம் ஒட்டி மூடினால் தூசியும் இராமபாணப் பூச்சியும் உள்ளே புகா. இந்தக் காகிதம் மரச்சட்டத்தில் ஒட்டுகிறதே அன்றித் துணியில் ஒட்டுவதில்லையாதலால் இங்கே பசைக்கு விலக்கில்லை. கீழ் மூலைகள் இரண்டிலும் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டிவிட்டால், படத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். மழைநாளில் சுவரின் ஈரம் சட்டத்தில் ஏறாது, படத்துக்குப் பின்னே குடியிருக்கும் பல்லிகளுக்கும் அவ்வளவு வசதி இராது. வருஷத்துக்கு ஒருமுறை, போகியன்று வீட்டைத் துப்புரவு செய்யும்போது, படத்தை இறக்கிப் பின்புறத்தில் கறையான் மண்ணோ ஈரப்புள்ளியோ இருக்கிறதா என்று பார்த்து மாட்டினால் பெரிய நஷ்டங்கள் நேருவதற்கு முன்பே தெரிந்துபோகும். கண்ணாடியைத் துடைக்கும்போது துடைக்கும் மருந்து நீரில் ஒரு கைத்துணியை நனைத்துத் துடைக்கவேண்டுமே அல்லாமல், நேரே கண்ணாடிமேல் தெளிக்கக் கூடாது. வழிகிற துளி சட்டத்தின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும்.

மாட்டும் இடத்தைத் தீர்மானிப்பது வெளிச்சத்தைப் பற்றிய கேள்வியே. அருங்காட்சியகங்களில் பழந்துணிகளின்மேல் விழும் ஒளியை 50 லக்ஸ் அளவுக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். உச்சிவெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரையில் போகிறது. வெளிச்சத்தால் விளையும் கேடு கடன்போல் சேர்ந்துகொண்டே போவதல்லது, இருட்டில் வைத்ததும் ஆறிவிடுவதன்று. சாயம் இழந்த நிறத்தைத் திரும்பக் கொடுக்க எவராலும் இயலாது. வீட்டைக் காட்சிசாலை ஆக்கவேண்டும் என்பதில்லை. வெயில் நேரே விழும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டு, ஜன்னல் இருக்கும் சுவரிலேயோ, வெயில் எட்டாத கூடத்தின் உட்சுவரிலேயோ மாட்டினாலே பாதிக் காரியம் ஆயிற்று. அடுப்புக்கு மேலும், குளியலறைச் சுவரிலும், மழை ஊறும் வெளிச்சுவரிலும், பூஜை விளக்கின் புகை படும் மூலையிலும் மாட்டுவது தகாது. உயரத்தைப் பொறுத்தவரை, படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடியில், நிற்பவர் கண்மட்டத்துக்கு வரவேண்டும். நிலைப்படிக்கு மேலே சாய்த்து மாட்டும் பழைய வழக்கம் முன்னோர் போட்டோக்களுக்குத் தகும். அருகில் வந்து தையலை எண்ணிப் பார்க்கத் தூண்டுவதே அழகான இந்தக் கலைக்கு அது தகாது.

சட்டம் ஒன்றுதான் கதி என்று எண்ணவும் வேண்டாம். உலகத்தில் குறுக்குத் தையலும் அதன் உறவான எண்ணித் தைக்கும் வேலைகளும் பெரும்பாலும் சுவரில் தொங்கவில்லை, மனிதர்களோடு நடமாடுகின்றன. பாலஸ்தீனப் பெண்களின் அங்கிகளில் மார்பெங்கும் நிறைந்திருக்கும் குறுக்குத் தையல், 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. உக்ரைன் நாட்டார் தைத்த நீண்ட துணிகளை வீட்டு மூலையிலுள்ள திருவுருவப் படங்களின்மேல் தோரணமாகப் போர்த்துகிறார்கள். கர்நாடகத்துக் கசூதி வேலையின் நான்கு வகைகளுள் மெந்தி என்பது குறுக்குத் தையலே. அது இளகல் சேலையில் விளங்குகிறது. நம் நீலகிரியில் தோடர் பெண்கள் வரைபடமின்றி இழைகளை எண்ணியே கறுப்பும் சிவப்புமாகத் தைக்கும் வேலை, குறுக்குத் தையல் அல்லவென்றாலும், தோளில் போர்த்தும் போர்வையிலேயே தன் இடத்தைக் கண்டிருக்கிறது. ஆகவே சிறிய வேலைகளை வட்டவடிவமான தையல் வளையத்திலேயே நிறுத்திப் பின்புறம் துணியால் மூடி மாட்டலாம். திண்டுறையாகவும், பெட்டி மூடியாகவும், புத்தக அடையாளமாகவும், மேலும் கீழும் மூங்கில் கோல் செருகிய தொங்கலாகவும் செய்யலாம். கையாளப்படும் பொருளாகச் செய்யும்போது, அடிக்கடி சலவைக்குத் தாங்கும் சாயமும் கழற்றத்தக்க உறையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் காட்சிக்கு வைப்பதும் அவசியமன்று. நான்கு வேலைகள் இருந்தால் இரண்டை மாட்டி, வருஷத்துக்கொருமுறை மாற்றிவந்தால் ஒவ்வொன்றின் ஆயுளும் இரட்டிக்கும். உள்ளே வைப்பவற்றை மடிக்காமல், அட்டைக் குழலொன்றின்மேல் வெள்ளைத் துணியைச் சுற்றி, தைத்த முகம் வெளிப்புறமாக வருமாறு சுருட்டி, துவைத்து வெளுத்த பழைய வேஷ்டித் துணியால் மூடிவைப்பது நன்று. பிளாஸ்டிக் உறையில் ஈரம் அடைபட்டுப்போகும். அந்துருண்டையோ வேப்பிலையோ வைப்பவர்கள் அது துணியை நேரே தொடாதபடி சிறு பையில் கட்டி வைக்க வேண்டும்.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலேயே மற்றொரு துணி இருக்கிறது. ஸஸெக்ஸ் ஜில்லாவில் வீட்டுவேலை செய்துவந்த எலிசபெத் பார்க்கர் என்ற ஏழைப் பெண், 1830-ஆம் ஆண்டையொட்டி, தன் துயர வாழ்க்கையைச் சிவப்புப் பட்டு நூலால் குறுக்குத் தையலிட்டு எழுதியது அது. பூவும் இல்லை, கரையும் இல்லை. வெறும் எழுத்து, அதுவும் பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. அது யார் வேலை என்று இன்று நாம் அறிவதற்குக் காரணம், அவர் தம் வரலாற்றைத் துணியிலேயே விட்டுச்சென்றதுதான். நம் வீட்டுப் பூத்தையல்களோ, தைத்த பாட்டியார் மறைந்த அடுத்த தலைமுறையிலேயே அநாமதேயமாகிவிடுகின்றன. ஆகையால் சித்திரத்தின் ஒரு மூலையில் இரண்டு எழுத்தும் ஓர் ஆண்டும் தைத்துவிடுங்கள். சட்டத்தின் பின்காகிதத்தில் தைத்தவர் பெயர், ஊர், துணி, நூல் ஆகிய விவரங்களைப் பென்சிலால் எழுதுங்கள். சட்டம் போடும் கடைக்குப் போகும்போது மூன்றே மூன்று வார்த்தைகளை மறவாமல் சொல்லுங்கள்: துணியில் பசை படக்கூடாது, ஓரத்தை வெட்டக்கூடாது, கண்ணாடி தையலைத் தொடக்கூடாது. கடைக்காரர் இம்மூன்றுக்கும் இசையாவிட்டால், வேறு கடை தேடுவதே சரி.